ஒரு வயரில் மூன்று வீடு

அக்காவுக்கு வந்த முதல் மின்னஞ்சலை எங்கள் குடும்பமே சேர்ந்து உட்கார்ந்து கேட்டது. சின்னத்தா வீட்டுக் கூடத்தில், பூவேலை செய்த துணியை விலக்கினால் மட்டும் முகம் காட்டும் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் பாய் விரித்து அம்மா, பெரியம்மா, சின்னம்மா, எதிர்வீட்டுக்காரர்கள் என்று ஒரே கூட்டம். அத்தாவுக்கு மட்டும் நாற்காலி. சின்னத்தா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டு, தொண்டையைச் செருமி, பள்ளிவாசலில் அறிவிப்புச் சொல்கிற குரலில் படிக்கத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தால் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். காகிதத்தில் வந்தால் என்ன, கம்ப்யூட்டர் திரையில் வந்தால் என்ன என்று அதே வழக்கத்தை இதற்கும் வைத்துக்கொண்டார்கள். எழுதியவரோ துபாயில் வேலை பார்த்த, அக்காவுக்கு நிச்சயம் செய்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை. ‘உங்களுக்கு மல்லிகை பிடிக்குமா, பிச்சிப்பூ பிடிக்குமா?’ என்ற வரி வந்ததும் சின்னம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். “பிச்சின்னு எழுதிப் போடுங்க, அவளுக்கு மல்லிகைன்னா தலைவலி வரும்” என்று பெரியம்மா பதிலையே முடித்துவிட்டார். அடுக்களை வாசலில் நின்றிருந்த அக்கா அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு விறுவிறுவென்று எங்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் எங்களைப் பெற்ற அத்தா, அவருடைய அண்ணன் பெரியத்தா, தம்பி சின்னத்தா என்று மூவரின் வீடுகளும் ஒரே வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. முதலில் சின்னத்தா வீடு, நடுவில் பெரியத்தா வீடு, கடைசியில் எங்கள் வீடு. பாகம் பிரித்தபோது அம்மிக்கல் வரைக்கும் பிரித்துக்கொண்டவர்கள் இரண்டை மட்டும் பிரிக்கவில்லை. ஒன்று மொட்டைமாடி, மற்றொன்று டெலிபோன். காத்துக் காத்துப் பெரியத்தா பெயரில் வந்த ஒரே லைனை மூன்றாக இழுத்து, வீட்டுக்கொரு போன் வைத்திருந்தார்கள். மணி அடித்தால் மூன்று வீட்டிலும் அடிக்கும். யார் எடுத்தாலும் பேசலாம். மற்ற வீட்டில் எடுத்தால் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். எங்கள் குடும்பத்தில் ரகசியம் என்ற ஒன்று ஏன் தங்கியதே இல்லை என்று இப்போது புரிந்திருக்கும். கம்ப்யூட்டரும் மூன்று வீட்டிலும் வந்துவிட்டது. பெரியத்தாவின் நூல் வியாபாரத்துக்கு ஒன்று, கடைகளுக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்த அக்காவுக்கு ஒன்று, எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த சின்னத்தாவுக்கு, எதற்கென்று அவருக்கே தெரியாமல் ஒன்று. ஊருக்குள் புதிதாக எது வந்தாலும் அதைத் தொட்டுப் பார்க்காவிட்டால் சின்னத்தாவுக்குச் சோறு இறங்காது. இன்டர்நெட்டும் அப்படித்தான் முதலில் அவர் வீட்டுக்குள் நுழைந்தது.

அக்காவின் கோபம் பூவைப் பற்றியது அல்ல. அவளுக்கு மாப்பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. வாயைத் திறந்து கேட்க முடியாமல் வாரக்கணக்கில் அதை வைத்துக்கொண்டு அவள் படுத்திய பாட்டை, ஒரே அறையில் படுத்த எனக்குத்தான் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லில் அவளைக் கணக்குப் பிரிவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் முடிந்து வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். எங்கள் மூன்று வீட்டிலும் அதுவரை எந்தப் பெண்ணும் வேலைக்குப் போனதில்லை. அத்தா மாப்பிள்ளையின் அத்தாவிடம் பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தார். “அதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்” என்று பதில் வந்தது. அந்தப் ‘பொறவு’ என்ற சொல்லைக் கேட்டால் அக்காவுக்கு உடம்பெல்லாம் எரியும். “பொறவுன்னா இல்லைன்னு அர்த்தம். எனக்கு அவர் வாயால தெரியணும். பத்திரிகை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி தெரியணும். அவர் வேண்டாம்னா, நானும் இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிருவேன்” என்றாள். சொன்னால் செய்கிறவள்.

நிச்சயமான பெண் மாப்பிள்ளையிடம் போனில் பேசுவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். மின்னஞ்சலோ சின்னத்தா பெயரில் வந்து ஊருக்கே வாசிக்கப்பட்டது. ஆகவே அக்கா நேராகச் சின்னத்தாவிடம் போய், “என் கம்ப்யூட்டருக்கே இன்டர்நெட் வேணும், நான் கேக்குறதை நானே கேக்கணும், வர்ற பதிலை நானே படிக்கணும்” என்று கேட்டுவிட்டாள். தனி லைனுக்கு வழியில்லை. போன் வயரில் இன்டர்நெட்டை இழுத்துத் தரும் மோடமும் ஒன்றுதான், அது சின்னத்தாவின் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு பேச்சை முடித்திருப்பார்கள். சின்னத்தாவின் கண் மின்னியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆலங்குளத்தில் வேலை பார்த்த அவருடைய கூட்டாளி ஒருவர், ஒரு கனெக்‌ஷனை ஒன்றுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று எப்போதோ சொல்லியிருந்தாராம். அந்த ஒரு வார்த்தையை மனதுக்குள் வைத்துக்கொண்டு, எவராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். “ஏட்டி, இதைக் கேக்க உனக்கு இம்புட்டு நாளா?” என்று அக்காவைத்தான் திட்டினார்.

ஆனால் அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வயர் வரவேண்டும் என்றால் நடுவில் பெரியத்தா வீட்டைத் தாண்ட வேண்டும். பெரியத்தா குடும்பத்தின் தலைவர். அவர் செருமினால் நாங்கள் பேச்சை நிறுத்துவோம். பத்திரிகையில் என்ன போட வேண்டும், எங்கே அடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். விஷயத்தைக் கேட்டதும், “மாப்பிள்ளைகிட்ட பொண்ணு கேள்வி கேக்குறதா? நம்ம வீட்டுல அப்படி வழக்கம் கிடையாது” என்றார். அக்கா தலைகுனிந்து நின்றாலும் பின்வாங்கவில்லை. சின்னத்தா குறுக்கே பாய்ந்து, “அண்ணே, வயர் உங்க வீட்டு வழியாத்தானே போகுது. உங்க கம்ப்யூட்டர்லயும் செருகிட்டுத்தான் அங்க போகும். பஞ்சு விலை, நூல் விலை எல்லாம் உங்களுக்கு உக்காந்த இடத்துல வந்திரும்” என்றார். பெரியத்தா தாடியை நீவிக்கொண்டே ரொம்ப நேரம் மேலே சுழன்ற ஃபேனைப் பார்த்தார். பிறகு, “சுவத்துல பெரிய ஓட்டையாப் போட்டுறாதே” என்று மட்டும் சொன்னார். அதுதான் அவருடைய சம்மதம் என்று எங்களுக்குத் தெரியும்.

அடுத்த சில நாள்கள் எங்கள் வீடு கல்யாண வீடாகவும் இருந்தது, மின்வாரிய அலுவலகமாகவும் இருந்தது. சின்னத்தா முதலில் தன் கடையில் இருந்த கேபிள் டிவி வயரையே எடுத்து மொட்டைமாடி வழியாக இழுத்துவிட்டார். பார்வைக்குக் கம்ப்யூட்டர் வயர்போலவே இருக்கிறது, வயர் என்றால் வயர்தானே என்று அவருக்கு எண்ணம். ஒரு நேரம் மூன்று கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். அடுத்த நேரம் யார் யாரோ என்று இருக்கும். ஆலங்குளத்துக் கூட்டாளிக்குப் போன் போட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டபின், மதுரைக்குப் பஸ் ஏறிப் போய்ச் சரியான வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கம்ப்யூட்டரின் முதுகில் மாட்ட வெள்ளியாய் மினுங்கும் குழாய்த் துண்டுகள், வயரின் இரண்டு கடைசியிலும் போட விரல் நுனி அளவுக்கு மூடிகள். மூடி இல்லாவிட்டால் மூன்றுமே படுத்துவிடுமாம். வயரை அக்காவும் நானும்தான் மாடியில் பிடித்துக்கொடுத்தோம். சஞ்சீவி மலைப் பக்கம் மேகம் இறங்கி நின்ற மத்தியானம் அது. கைப்பிடிச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டே சின்னத்தா துபாய் வரைக்கும் வயர் இழுப்பவர்போலப் பேசினார். கேட்க எங்களுக்கும் உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது.

சின்னத்தா வீட்டில் மோடம் கிர்ரென்று இழுத்து, கீச்சிட்டு, காறித்துப்பி அடங்கியதும், “பாரு, இப்பப் பாரு!” என்று மாடியிலிருந்து அவர் கத்தினார். எங்கள் அறையில் அக்கா ஒரு முகவரியை அடித்தாள். வெள்ளைத் திரை அசையாமல் நின்றது. மேலிருந்து கீழாக ஒரு படம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. டெலிபோன் வயரே இல்லாத எங்கள் கம்ப்யூட்டருக்குள், இரண்டு வீடு தாண்டி உலகம் வந்துகொண்டிருந்தது! அக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நடுவீட்டிலிருந்து பெரியத்தா குரல் கேட்டது: “எனக்கும் வருதுடா!” அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவர் பஞ்சு விலை பார்க்கிறேன் என்று உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். அவர் ஒரு படத்தைத் திறந்தால் எங்கள் பக்கம் எழுத்துகூட நகராது.

ஒரு பெரிய சங்கடம் மிச்சமிருந்தது. இன்டர்நெட் ஓடும்போது மூன்று வீட்டில் யார் போனை எடுத்தாலும் அது அறுந்துவிடும். “எடுக்காதீங்க, எடுக்காதீங்க” என்று ஒவ்வொரு முறையும் மூன்று வாசலிலும் கத்த முடியுமா? சின்னத்தா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். தன்னுடைய சிவப்புக் கட்டம் போட்ட கைலியை மாடிக் கொடியில் போட்டுவிடுவார். எந்த வீட்டு முற்றத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாலும் அது தெரியும். கைலி தொங்கினால் இன்டர்நெட் ஓடுகிறது, போனில் கை வைக்கக்கூடாது. பெரியம்மாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. போனுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் முற்றத்துக்கு வந்து ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, சின்னம்மா அந்தக் கைலியைத் துவைத்துக் காயப்போடும் வரைக்கும். அன்று காலையிலிருந்து கைலி தொங்கியது. மூன்று வீடும் போனைத் தொடவில்லை. சின்னத்தாவோ கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். நடுவில் போன் மணி அடித்தது. பெரியத்தா போனையும் பார்க்கிறார், கைலியையும் பார்க்கிறார், எடுக்கவில்லை. அது ஓய்ந்து திரும்ப அடித்தது. அவர் முற்றத்தில் நின்றுகொண்டு, “ஏலே, உன் இன்டர்நெட் மணி அடிக்குதுடா, வந்து என்னன்னு கேளு!” என்று காலியான மாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். கூப்பிட்டது சோழபுரத்திலிருந்து அவருடைய பழைய வாடிக்கைக்காரர். சாயங்காலம் அவர் நேரில் வந்து, “அண்ணாச்சி நம்ம போனை எடுக்கவே மாட்டேங்காகளே” என்று வருத்தப்பட்டுப் போனபின், பெரியத்தா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் கைலியை நம்புவதில்லை. சந்தேகம் வந்தால் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிடுவது. உள்ளே இரைச்சல் கேட்டால் இன்டர்நெட், கேட்காவிட்டால் போன். எடுத்துப் பார்ப்பதே அதை அறுத்துவிடும் என்று அவருக்கு யாராலும் புரியவைக்க முடியவில்லை.

பத்திரிகை அச்சுக்குப் போகவிருந்த வாரம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை துபாயில் விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டபின், எழுதி எழுதியே பேசிக்கொள்கிற சாட்டில் அக்காவும் மாப்பிள்ளையும் சந்திப்பதாக ஏற்பாடு. அவர் அங்கே ஒரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் பிரியாணி வாசனை அடங்கவில்லை. கைலி மாடியில் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா கதவைச் சாத்தி, என்னைக் காவலுக்கு உட்காரவைத்து, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். ஸலாம் சொன்னாள். அவர் ஸலாம் சொன்னார். சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு. எனக்குப் பொறுக்கவில்லை, அவள் தொடையில் கிள்ளினேன். அவள் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்: ‘கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகணும். உங்களுக்குச் சம்மதமா? யார்கிட்டயும் கேட்காம நீங்களே சொல்லுங்க.’ அனுப்பிவிட்டாள். அவர் பதில் அடித்துக்கொண்டிருக்கிறார் என்று திரை காட்டியது. அடித்தார், நிறுத்தினார், மறுபடி அடித்தார். அக்காவின் கை என் கையை நசுக்கியது. அப்போது, அந்த நேரம் பார்த்து, கனெக்‌ஷன் அறுந்தது.

“போச்சு!” என்று சின்னத்தா மாடிப்படியில் அலறுவது கேட்டது. நடுவீட்டில் ரிசீவரைப் பட்டென்று வைக்கும் சத்தமும் கேட்டது. அக்கா அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, “வேண்டாம்னுதான் அடிச்சிருப்பார்” என்றாள். அப்படியே விட்டிருந்தால் அன்று சாயங்காலமே அத்தாவிடம் போய்க் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லியிருப்பாள், சத்தியமாக. அதற்குள் போன் மணி அடித்தது. மூன்று வீட்டிலும் சேர்ந்து அடித்தது. மூன்று வீட்டிலும் சேர்ந்தே எடுத்தார்கள், எங்கள் வீட்டில் எடுத்தது அக்கா.

நானும் அக்காவின் காதோடு காதை ஒட்டிக்கொண்டேன். “ஹலோ, நான் துபாயிலேருந்து பேசுதேன். லைன் போயிருச்சு. நீங்க கேட்டது வந்துச்சு. என் பதில் வந்துச்சா?” என்றது நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு குரல். “வரலை” என்றாள் அக்கா. அந்தப் பக்கம் குரல் தணிந்தது. “பக்கத்துல யாரும் இருக்காகளா?” லைனில் பெரியத்தாவின் இளைப்பு எங்களுக்கு நன்றாகக் கேட்டது. சின்னத்தா வீட்டுக் கடிகாரம் டிக் டிக் என்றது. இல்லை என்று ஒரு பொய் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, “எல்லாரும் இருக்காக. எல்லாரும் கேட்டுட்டுத்தான் இருக்காக. நீங்க சொல்லுங்க” என்றாள். கடல் தாண்டி வந்த கொரகொர சத்தத்துக்கு நடுவே அவர், அவசரப்படாமல், “நீங்க வேலைக்குப் போறதுல எனக்கு முழுச் சம்மதம். எங்க அம்மாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்” என்றார்.

நான் கத்தப் போனேன், அக்கா என் வாயைப் பொத்தினாள். அதற்குள் லைனில் ஒரு செருமல். “அஸ்ஸலாமு அலைக்கும் மாப்ள. நான் பொண்ணோட பெரியத்தா பேசுதேன்.” மாப்பிள்ளை எச்சிலை விழுங்கியது ராஜபாளையம் வரைக்கும் கேட்டது. “வ அலைக்கும் ஸலாம்…” “இன்னொரு மட்டம் சொல்லுங்க மாப்ள. என் தம்பியும் லைன்ல இருக்கான், அவன் காதுல சரியா விழுந்துச்சான்னு தெரியலை.” சின்னத்தா பதறிக்கொண்டு, “விழுந்துச்சுண்ணே, நல்லா விழுந்துச்சு” என்றார். இருந்தாலும் மாப்பிள்ளை இன்னொரு முறை சொன்னார். இந்தத் தடவை குரல் இன்னும் தெளிவாக இருந்தது. அக்கா ரிசீவரை வைத்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள். “நிக்காஹ் அன்னைக்குப் பொண்ணு சம்மதம் கேட்டு வரும்போது ரெண்டு சாட்சி கூட வருவாக. எனக்குப் பாரு, மாப்பிள்ளை சம்மதத்துக்கே ரெண்டு சாட்சி வந்துட்டாக” என்றாள். மறுநாள் பத்திரிகை அச்சுக்குப் போனது.

கல்யாணம் முடிந்து, எங்களுக்கு மச்சானாகிவிட்ட மாப்பிள்ளை விடுமுறை தீர்ந்து துபாய் திரும்பியதும், நாங்கள் பயந்தது வந்தே விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார், மகன் அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டான், மருமகள் வேலைக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்று கண்ணீர் விட்டார். மச்சானும் போனில், “கொஞ்ச நாள் பொறுத்துக்கோயேன்” என்று இழுத்தார். அக்கா எங்களிடம் ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “பொறவுன்னு ஆயிருச்சு.” அது பெரியத்தா காதுக்குப் போனது. பஸ் ஏற வேண்டாம், போனிலேயே பேசித் தீர்க்கலாம் என்று அத்தா தடுத்தும் அவர் கேட்கவில்லை. வெளுத்த ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு, கடையை அடைத்துவிட்டு வரச்சொல்லிச் சின்னத்தாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அங்கே போய் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, டம்ளரைக் கீழே வைத்தபின் அவர் பேசியதை அக்கா பிற்பாடு அப்படியே நடித்துக் காட்டுவாள். “சம்மந்தியம்மா, உங்க மகன் சொன்னதை நான் என் காதால கேட்டேன். இந்தா, இவனும் கேட்டான். ரெண்டு மட்டம் சொன்னாரு. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க, நாங்க எந்திரிச்சுப் போயிருதோம்.” அடுத்த திங்கட்கிழமை அக்கா மில்லுக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் வேலைக்குப் போன முதல் பெண் அவள். அவளுக்குப் பின்னால்தான் நானும் போனேன், பெரியத்தாவின் பேத்திகளும் போகிறார்கள்.

அக்கா இன்று அதே மில்லின் கணக்குப் பிரிவுக்கே பொறுப்பு. பெரியத்தா மவுத்தாகி வருடங்கள் ஆகிவிட்டன. அந்த மூன்று வீட்டிலும் இப்போது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு நெட். பிள்ளைகள் யாரோடு என்ன பேசுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். அன்று எங்களுக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் விட்டிருப்போமா? ஆனால் பெரியத்தா இருந்தபோது ஒரு பெருநாளைக்கு எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கையில் அக்கா அவரை மடக்கியது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். “பெரியத்தா, நிஜத்தைச் சொல்லுங்க. அன்னைக்கு நடுவுல போனை எடுத்து என் கனெக்‌ஷனை அறுத்தது நீங்கதானே?” அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. கைகழுவிய துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “நான்தான். எடுக்காம இருந்திருந்தா அவர் பதிலை நீ மட்டும்தானேட்டி படிச்சிருப்பே. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சாட்சியா யாரைக் கூட்டிட்டுப் போயிருப்பே?”